நேராகப் போக ஒரு வருஷம்

தென்காசியில் ஒரு சிக்னல் இருக்கிறது. அதில் நேராகப் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து போய் அந்தச் சிக்னலில் நின்றால், எதிரே நேராகப் போவது செங்கோட்டை ரோடு, இடப்பக்கம் திரும்புவது குற்றாலம் ரோடு. நான் போக வேண்டியது செங்கோட்டை ரோட்டுக்கு. போய்ச் சேர்ந்ததெல்லாம் குற்றாலத்துக்கு. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் அப்படித்தான் நடந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எதிரே ஆள் நிற்காது. கூச்சம் என்றால் கொஞ்சநஞ்சக் கூச்சம் இல்லை. கடையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவதாகப் போய் நின்று, எனக்குப் பின்னால் வந்த எட்டாவது ஆளும் வாங்கிப் போன பிறகு என் சாமானை வாங்குகிறவள். பஸ்ஸில் போகும்போது நான் இறங்கும் இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால், ‘நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். கண்டக்டர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் மோசம். அவர் என்ன நினைப்பாரோ என்று அதற்கும் அடுத்த ஊர் வரை போவேன்.

வண்டி என் மகனுடையது. அவன் பட்டாளத்தில் இருக்கிறான். ஒரு லீவில் வந்தபோது ஆசையாக ஸ்கூட்டர் வாங்கினான், பத்து நாள் ஓட்டினான், வடக்கே போய்விட்டான். வண்டி படுதாவைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நின்றது. வீட்டில் நானும் அதுவும்தான். என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். அவர் இருந்தவரை எங்கே போனாலும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். அவருக்குப் பிறகு எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு எத்தனையோ கல்யாண வீட்டுக்கும், சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கவும் போகாமல் இருந்து, ‘அவ பெரிய இவ, வரமாட்டா’ என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

அறுபது முடிய மூன்று மாதம் இருக்கும்போது, பெண்களுக்குப் பெண்ணே வண்டி சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று எங்கள் பக்கத்தில் வந்தது. எப்படி அந்தப் படியை ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மகனிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு, பக்கத்தில் இருந்த பட்டாளக்காரர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். “ஓட்டு ஓட்டு. சும்மாதான கெடக்கு” என்றான்.

லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எட்டில் இரண்டு சுழி. இடப்பக்கச் சுழியைக் கோலம் போடுகிற மாதிரிப் போட்டேன். வலப்பக்கச் சுழி கத்தரிக்காய் மாதிரி வந்தது. காலை ஊன்றவில்லை என்பதால் அதிகாரி போனால் போகிறது என்று விட்டிருப்பார். அதற்கு முந்தி கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டார்கள். தமிழில்தான். சிவப்பு விளக்கு எரியும்போது என்ன செய்ய வேண்டும்? ‘நிற்க வேண்டும்’ என்பதைத் தொட்டேன். சரி என்று வந்தது. சிவப்பில் நிற்கும்போது பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் அன்றைக்கே தோற்று, பேசாமல் வீட்டில் இருந்திருப்பேன்.

லைசென்ஸ் வந்தது. சாவியை அடுப்படியில் காலண்டர் ஆணியில் மாட்டினேன். காலையில் எழுந்ததும் அந்தச் சாவியைப் பார்ப்பேன். எங்கேயும் போவதற்கு இல்லாவிட்டாலும், யாரையும் கேட்காமல் போகலாம் என்பது ஆணியில் தொங்கியது.

இந்தச் சமயம் பார்த்து எங்கள் மதினி கையை ஒடித்துக்கொண்டார்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணனும் இப்போது இல்லை. மதினி அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்கு இல்லாத பேச்சையெல்லாம் சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டான் ஆண்டவன். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. செங்கோட்டை ரோட்டில் பிசியோதெரபி பார்க்கிற இடத்துக்கு வாரம் மூன்று நாள், காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

“ஆட்டோவுல போனா கைய குலுக்கியே கொன்னுருவான்” என்றார் மதினி. “நீதான் வண்டி படிச்சிருக்கியே. சும்மா ஆணியில மாட்டவா படிச்ச?”

அண்ணனின் பழைய ஹெல்மெட்டை மதினிக்குப் போட்டேன். அது அவருக்குப் பெரிசு. திரும்பிப் பார்த்தால் தலை திரும்பும், ஹெல்மெட் திரும்பாது. அப்படி ஏற்றிக்கொண்டுதான் முதல் நாள் அந்தச் சிக்னலுக்குப் போனேன்.

சிவப்பு விளக்கு. நான் இடது ஓரத்தில், கல்லோடு கல்லாக ஒட்டி நின்றேன். சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓரமாப் போ. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அம்மா சொன்னாள். கல்யாணமான பிறகு மாமியார் சொன்னார். பஜாருக்குப் போனால் எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரன்கூடச் சொன்னான். பொம்பளைப் பிள்ளை ஓரமாகப் போனால் ஒரு வம்பும் வராது. அதனால் நான் தெருவில் நடந்தாலும் ஓரம், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஓரம், குடும்பப் போட்டோவில்கூட ஓரம். பாதி போட்டோக்களில் எனக்கு ஒரு காதும் ஒரு தோளும்தான் இருக்கும். வண்டியிலும் ஓரத்தில் நின்றேன். உலகத்திலேயே பத்திரமான இடத்தில் நிற்கிறேன் என்று நினைத்தேன்.

பின்னால் ஒரு ஹாரன். அப்புறம் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

“ஏ ஆச்சி, வழிய விடுங்க! லெஃப்ட்டு ஃப்ரீல்லா!” என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

“யாரையோ ஏசுதான்” என்றார் மதினி.

“நம்மளத்தான் மதினி.”

“நம்மள எதுக்கு ஏசணும்? செவப்புல்லா எரியுது? நில்லு நீ.”

அந்தச் சிக்னலில் அப்போது ஒரு பலகை இருந்தது. இடப்பக்கம் திரும்புகிறவர்கள் விளக்கைப் பார்க்க வேண்டாம், நிற்காமல் போகலாம் என்று. அப்படிப் போகிறவர்களுக்கான வழி எது என்றால், கல்லோடு ஒட்டிய அந்த இடது ஓரம்தான். அறுபது வருஷமாக எனக்குப் பத்திரம் என்று சொல்லிக்கொடுத்த இடம் அந்த ஒரு சிக்னலில் மட்டும் ஊர் முழுக்கப் போகிற வாசலாக இருந்தது. அதன் குறுக்கே நானும் மதினியும் நின்றோம்.

இதெல்லாம் எனக்குப் பிந்தித் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை பேர் என்னால் கோபப்படுகிறார்கள் என்பதுதான். நேராகப் போகவும் முடியாது, சிவப்பு. நிற்கவும் முடியாது, ஹாரன். என் கையே என்னைக் கேட்காமல் இடப்பக்கம் திருப்பிவிட்டது.

“ஏட்டி, எங்கன போற?”

“தெரியல மதினி.”

“நமக்கு நேரால்லா போணும்?”

“ஆமா மதினி.”

“அப்ப எதுக்கு இங்கன வந்த?”

“அவங்க வழி கேட்டாங்கள்லா மதினி. குடுத்தேன்.”

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். திரும்புவதென்றால் வலப்பக்கம் வெட்ட வேண்டும். எதிரே வருகிற வண்டிக்காரன் என்னைப் பார்க்க வேண்டும், நான் அவனைப் பார்க்க வேண்டும், ‘கொஞ்சம் நில்லுங்க’ என்று கையைக் காட்ட வேண்டும். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் நடுரோட்டில் நில்லு என்று எப்படிச் சொல்வது? மேலகரம் வந்தது, போனது. மலை பக்கத்தில் வந்தது. சாரல் விழ ஆரம்பித்தது. மதினியின் ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் இறங்கியது. குற்றாலத்தில் வண்டி நிறுத்துகிற மைதானம் வந்த பிறகுதான், எதிரே ஆள் இல்லாமல் ஒரு வட்டம் போட்டுத் திரும்ப இடம் கிடைத்தது.

வட்டம் போட்டேன். வட்டத்தின் ஓரத்தில் பழக்கடை போட்டிருந்த ஒரு பொம்பளை, “வாங்க ஆச்சி, ரம்புட்டான் இன்னைக்குத்தான் எறங்கிச்சி” என்றாள். எங்களைப் பார்த்துச் சொன்னபின் வாங்காமல் எப்படிப் போவது? ஒரு கிலோ வாங்கினேன்.

திரும்பி வந்து, அதே சிக்னலில் குற்றாலம் ரோட்டுப் பக்கமாக நின்றால், செங்கோட்டை ரோடு எனக்கு இடப்பக்கம்! அங்கேயும் பலகை உண்டு. ஓரமாக வந்து, நிற்காமல், ஒரு ஹாரன்கூட வாங்காமல் திரும்பிப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டில் ஒன்றைச் சரியாகச் செய்த மாதிரி இருந்தது. ரோட்டைத் தாண்டி நேராகப் போக வேண்டிய அடுத்த பக்கத்துக்கு, பத்து கிலோமீட்டர் சுற்றி, இரண்டு இடப்பக்கத் திருப்பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தே முக்காலுக்கு, நனைந்து, கையில் ரம்புட்டான் பையோடு போய் நின்றோம். பிசியோதெரபிக்காரப் பெண் பையைப் பார்த்துவிட்டு, தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த தடவை நேராகப் போய்விட வேண்டும் என்று சாமி கும்பிட்டுக் கிளம்பினேன். ஹாரன் அடித்தார்கள். குற்றாலம் போனோம். அதற்கடுத்த தடவை மதினி பின்னால் திரும்பி, “நாங்க நேராப் போணும்வே! ஹாரன வச்சு அவிக்கவா செய்யிற?” என்று சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் இன்னும் வேகமாக இடப்பக்கம் திரும்பிவிட்டேன். குற்றாலம் போனோம்.

வேறு யாராக இருந்தாலும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரைக் கேட்டிருப்பார்கள். கேட்பது நமக்கு வராது. நானும் மதினியும் கலந்து பேசி, பத்து மணிக்குப் போய்ச் சேர ஒன்பதே காலுக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தோம். குற்றாலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒரு நாளும் நாங்கள் தாமதமாகப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வர மட்டும், சிக்னல் இல்லாத ஒருவழிச் சந்து ஒன்று இருந்தது.

பக்கத்து வீடுகளில், நானும் மதினியும் இந்த வயசிலும் நாள் தவறாமல் அருவிக்குக் குளிக்கப் போகிறோம் என்று பேச்சாகிவிட்டது. ‘தேகம் எப்படி இருக்கு பாரு, அருவித் தண்ணியில்லா’ என்று ஒருத்தி சொன்னாள். நாங்கள் அருவியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மைதானத்தில் வட்டம் போட்டதோடு சரி. பழக்கார அம்மாள் எங்கள் வண்டியைத் தூரத்தில் கண்டதுமே தராசைத் துடைப்பாள். ரம்புட்டான் முடிந்தால் மங்குஸ்தான், அது முடிந்தால் கொய்யா. வீட்டில் எங்கே கையை வைத்தாலும் பழம். ஒரு லாபம் என்னவென்றால், ரம்புட்டான் தோலை உரித்து உரித்தே மதினியின் விரல் மடங்க ஆரம்பித்தது. பிசியோதெரபிக்காரப் பெண் தன்னுடைய வைத்தியம்தான் என்று சந்தோஷப்பட்டாள். நாங்களும் அதைக் கெடுக்கவில்லை. கை சரியானதும் மதினி முழங்காலைக் காட்ட ஆரம்பித்தார்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் மகன் போன் செய்தான்.

“யம்மா, செவப்பு எரியும்போது லெஃப்ட்டுல திரும்புனியா?”

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். வடக்கே பனியில் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு, தென்காசியில் நான் திரும்பியது எப்படித் தெரியும்?

“ஆமாலே. லெஃப்ட்டு ஃப்ரீல்லா?” என்றேன். ஆட்டோக்காரரிடம் கற்றது.

“ஃப்ரீன்னா எதுக்கு எனக்கு அபராதம்னு மெசேஜ் வருது? வண்டி என் பேர்லல்லா இருக்கு. சிக்னல் கேமரா போட்டோவோட வந்திருக்கு, பாரு.”

அந்தப் போட்டோவை அனுப்பினான். மதினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிகிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் குனிந்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் மதினி, குணமான கையை நேராக நீட்டி, செங்கோட்டை ரோட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று அதைவிடத் தெளிவாக யாராலும் படம் பிடிக்க முடியாது.

“போட்டோவுல நான் நல்லா விழுந்திருக்கேன்” என்றார் மதினி.

பத்து நாளில் இன்னொரு மெசேஜ் போனது. இந்தத் தடவை மகன் சிரிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

“யம்மா, நான் இங்கன இருந்துக்கிட்டு இதையே நெனச்சுக்கிட்டு இருக்க முடியாது. செவப்புல திரும்புனா அந்தப் பக்கம் பச்சையில வாறவன் அடிச்சிருவான். ஆடி மாசம் லீவுல வாறேன். பின்னால ஒக்காந்து பாப்பேன். நீ ஒழுங்கா ஓட்டலைன்னா சாவிய வாங்கிட்டு வண்டிய வித்துட்டுத்தான் போவேன்.”

போனை வைத்துவிட்டு ஆணியைப் பார்த்தேன். சாவி தொங்கியது. மறுபடியும் படுதா, மறுபடியும் ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று ‘அந்தப் பக்கம் போறீங்களா, என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா’ என்று கேட்பது. கேட்கவும் மாட்டேன். போகவும் மாட்டேன். ஆடிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்காமல், மதினியிடமும் சொல்லாமல், அந்தச் சிக்னலுக்கு நடந்து போனேன். ஓரமாக நின்று, நேராகப் போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், திரும்புகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று திட்டம்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போக்குவரத்துப் போலீஸ் உடையில் ஒரு சின்னப் பெண் வந்து, “வாங்க ஆச்சி” என்று என் கையைப் பிடித்து, வண்டிகளையெல்லாம் நிறுத்தி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டாள். நான் ரோட்டைத் தாண்ட வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல பிள்ளை, மனசு சங்கடப்படும். அங்கே நின்று பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தவள், “அங்கன போணுமா ஆச்சி?” என்று வந்து இன்னொரு பக்கம் கொண்டுபோய் விட்டாள். அப்படியே மூன்றாவது பக்கம். நாலாவது தடவை நான் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஆச்சி, ஒங்களுக்கு எங்கனதான் போணும்?”

“எங்கயும் போணும்னு இல்ல தாயி” என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. “வண்டி ஓட்டுதேன். நேராப் போணும்னா எங்க நிக்கணும்னு பாக்க வந்தேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் முகம் மாறியது. “பின்னால ஒரு ஆச்சி கைய நீட்டிக்கிட்டு வருவாங்களே, அந்த வண்டியா?”

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“அந்தப் பலகைய எடுத்து மூணு மாசமாவுது ஆச்சி” என்றாள். “நடக்கவங்க தாண்ட முடியலன்னு எடுத்தாச்சு. இப்ப செவப்புன்னா லெஃப்ட்டுக்கும் செவப்புதான். எல்லாரும் நிக்கணும். ஆனா ஒங்களுக்குத்தான் நேராப் போணும்ல? நீங்க எதுக்கு லெஃப்ட் ஓரத்துல வந்து நிக்கீங்க? நேராப் போறவங்க நடுவுல நிக்கணும்.”

“நடுவுலயா?”

“ஆமா.”

“அவ்வளவு பேருக்கு நடுவுலயா?”

“ஆமா ஆச்சி. அது ஒங்க எடந்தான்.”

பலகை இருந்தவரை அங்கே நின்றது தப்பு, போனது சரி. பலகையை எடுத்த பிறகு நின்றது சரி, போனது தப்பு. நான் இரண்டு காலத்திலும் தப்பான பக்கத்தைத்தான் தேடிப் பிடித்திருக்கிறேன். ஹாரனையே கேட்டுக்கொண்டு குனிந்திருந்தவளுக்குப் பலகை போனது எப்படித் தெரியும்? மூன்று மாதத்தில் இரண்டு போட்டோவோடு தப்பியதே பெரிசு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு வருசமா நான் கைய நீட்டி நீட்டிச் சொன்னேன்” என்றார் மதினி. “அதக் கேக்கல. அந்தப் பிள்ள சொன்னாக் கேப்ப.”

“நீங்க நேராப் போன்னுதான சொன்னீங்க? நடுவுல நில்லுன்னு சொல்லலியே மதினி.”

மதினி அண்ணனின் ஹெல்மெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நடுவில் நின்றேன். இடப்பக்கம் ஒரு லாரி, வலப்பக்கம் ஒரு பஸ், முன்னால் வெள்ளைக் கோடு. புடவைத் தலைப்பை எத்தனை தடவை சரி செய்தேன் என்று தெரியாது. நூறு பேர் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. பச்சை விழுந்தது. நேராகப் போனேன். ஒருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷத்தில் பிசியோதெரபி இடம் வந்துவிட்டது. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. கதவு பூட்டியிருந்தது. ஒன்பதே காலுக்குக் கிளம்புகிற பழக்கத்தை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டோம். நானும் மதினியும் படியில் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட ஒரு பழம்கூட இல்லை.

ஆடி வந்தது. மகனும் வந்தான். வந்த மறுநாளே, “கெளம்பு, குற்றாலத்துக்குப் போவோம். குளிச்ச மாதிரியும் ஆச்சு, ஒன் ஓட்டத்தப் பாத்த மாதிரியும் ஆச்சு” என்றான். நான் நேராகப் போகத்தான் நாற்பது நாளாகப் பழகியிருந்தேன். இவன் இடப்பக்கம் போகச் சொல்கிறான்.

அவன் நல்ல உயரம். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தாழ்ந்தது. சாவியைத் திருகும்போது, இதுதான் கடைசித் தடவையோ என்று நினைத்தேன்.

சிக்னலில் சிவப்பு. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, இடது ஓரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்த ஒரு தடவை என் ஓரமும் ரோட்டின் சட்டமும் ஒன்றாக இருந்தன. கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு வேன். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு, அருவிக்குப் போகிற ஒரு கூட்டம். அதற்குப் பின்னால் கார், ஆட்டோ, பைக்.

ஹாரன் ஆரம்பித்தது.

நான் நின்றேன். வேன்காரன் கையை எடுக்காமல் அடித்தான். “ஏய்யா, லெஃப்ட்டுதான, போவச் சொல்லுய்யா!” என்று ஜன்னல் வழியாக என் மகனைப் பார்த்துக் கத்தினான். பைக்கில் இருந்தவன், “லேடீஸ் டிரைவிங்” என்று சிரித்தான். என் கை வழுக்கியது. பழைய கைதானே, அது பாட்டுக்குத் திருப்பிவிடுமோ என்று பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

என் தோளுக்குப் பின்னால் மகன் நெளிந்தான்.

“யம்மா” என்றான் மெதுவாக.

“என்னலே?”

“எல்லாரும் பாக்கான். போயிரும்மா.”

“செவப்பு.”

“அந்தப் பக்கம் வண்டி ஒண்ணும் வரல. சும்மா போ. மானம் போவுது.”

எல்லையில் நிற்கிறவன். நாலு ஹாரனுக்கு அவன் குரல் அப்படி ஆகிவிட்டது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவன் உயரமும் சத்தமும்தான் அவன் அப்பாவைக் கொண்டது. மற்றது என்னுடையது.

“போனா மெசேஜ் ஒனக்குத்தான் வரும்” என்றேன். “பேசாம ஒக்காரு.”

அவன் பேசாமல் உட்கார்ந்தான். நானும் அசையவில்லை. வேன்காரன் அடித்தான், நான் நின்றேன். இன்னும் அடித்தான், இன்னும் நின்றேன். என் அறுபத்தொரு வருஷத்தில் இத்தனை பேர் போ என்று சொல்லி நான் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு குளிர்ச்சி. வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாரன் இன்னும் பெரிசாகக் கேட்டது. ஊரே சேர்ந்து அடிக்கிற மாதிரி. அடிக்கட்டும், அடித்துச் சாகட்டும், நான் போக மாட்டேன்.

“யம்மா! பச்ச விழுந்து எம்புட்டு நேரமாச்சு!”

நிமிர்ந்து பார்த்தேன். பச்சைதான். எப்போது விழுந்ததோ. ரோட்டின் நடுவில் நின்றிருந்த அந்தப் போலீஸ் பெண், இரண்டு கையாலும் ‘வாங்க ஆச்சி, வாங்க வாங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் இடப்பக்கம் திரும்பி முடிப்பதற்குள் மறுபடியும் மஞ்சள் விழுந்துவிட்டது. வேன் கோட்டுக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. வேன்காரன் சொன்னதை எழுத முடியாது. அதில் பாதி நியாயம்தான்.

மேலகரம் வந்தது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

மைதானத்தில் வட்டம் போட்டு நிறுத்தினேன். பழக்கார அம்மாள் ஓடி வந்தாள். “என்ன ஆச்சி, ஒண்ணரை மாசமா ஆளையே காணோம்? மேலுக்கு முடியலியோன்னு பயந்துட்டேன்” என்றவள், மகனைப் பார்த்து, “மகனா? ஒங்க அம்மா வாரத்துல மூணு நாள் தவறாம வந்துருவாங்க. ரம்புட்டான்னா உசுரு அவங்களுக்கு” என்றாள்.

“ரம்புட்டானா?” மகன் என்னைப் பார்த்தான். “நீ எந்தப் பழமும் திங்க மாட்டியேம்மா?”

நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக வழி தெரியாமல்தான் வந்தேன் என்று, இத்தனை பிரியமாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு கிலோ வாங்கினேன்.

அவன் குளித்து வரும்வரை வண்டிப் பக்கத்தில் நின்றேன். வந்தவன் ஈரத் தலையோடு கையை நீட்டினான். சாவி. சரி, பச்சையில் தூங்கினதற்கு என்ன சொல்ல முடியும் என்று எடுத்துக் கொடுத்தேன். சீட்டைத் திறந்து ஈரத்துணியை உள்ளே வைத்தான், மூடினான், சாவியைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு, பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“போவோமா?” என்றான்.

லீவு முடிந்து போகும் முன் ஒரு வேலை செய்தான். வண்டிக்குக் கொடுத்திருந்த தன் போன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரை மாற்றிப் பதிந்தான். “இனிமே எனக்கு வராது. ஒனக்கே வரும்” என்றான். அந்த மெசேஜ் இங்கிலீஷில் வருமாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. போனில் எது வந்து சத்தம் போட்டாலும் எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்கு ஓடுகிறேன். மதினிக்கும் இங்கிலீஷ் தெரியாது. போட்டோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இல்லை என்றால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.